நாலு சைட், நாலு லிஸ்ட், இருந்தும் வேலை விட்டுப்போகுது

தக்கலை சூப்பர்வைசர்:
அண்ணன்மாரே, மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல், ஆரல்வாய்மொழின்னு நாலு வீட்டு வேலை ஒண்ணா பாக்கேன். வேலை லிஸ்ட் போடுற மைக்ரோசாஃப்ட் டூ டூ ஆப்ல வீட்டுக்கு ஒரு லிஸ்ட். ஒண்ணைத் திறந்தா மத்த மூணும் மறந்துபோகுது. போன வாரம் கருங்கல்ல காங்கிரீட் போட்டு முடிச்ச பிறகுதான், ரெண்டு ரூமுக்கு ஃபேன் பாக்ஸ் (ஃபேன் மாட்ட மேல்தளத்துக்குள்ள புதைக்கிற பெட்டி) வைக்கலைன்னு பாத்தேன். லிஸ்ட்ல இருந்ததுதான்! எல்லாத்தையும் ஒரே லிஸ்டாக்கிரவா?

கொளச்சல் வாசி:
வேண்டாம். இடப்பக்கம் 'பிளான்டு'ன்னு இருக்கும், இல்லன்னா செட்டிங்ஸ்ல ஆன் பண்ணுங்க. தேதி போட்ட வேலை எல்லாம், எந்த லிஸ்ட்ல இருந்தாலும் அங்க வரும். காலையில அதைப் பாத்து, அன்னைக்கு உள்ளதை மட்டும் 'மை டே'க்கு எடுங்க. ராத்திரியோட மை டே காலியாயிரும், வேலை அந்தந்த லிஸ்ட்லயே கிடக்கும்.

தக்கலை சூப்பர்வைசர்:
பாத்தேன். 43 வேலை, பாதி சிவப்பு. சாரல்ல மூணு நாள் வேலை நின்னுது, எல்லா தேதியும் போச்சு.

பழைய காண்ட்ராக்டர்:
எல்லாத்துக்கும் தேதி போட்டா அப்படித்தான். நம்ம ஊருக்கு ரெண்டு பருவமழை தம்பி, ஆனியிலயும் நனையணும் ஐப்பசியிலயும் நனையணும். நீங்க நகத்த முடியாததுக்கு மட்டும் தேதி போடுங்க. காங்கிரீட் போட்ட அன்னைக்கே, அதைத் தாங்க அடியில நிறுத்துன முட்டு பிரிக்கிற நாளை எழுதிரணும்: தாங்கல் இடைவெளி நாலரை மீட்டருக்கு மேல உள்ள ஸ்லாபுக்கு (மேல்தளம்) ஐஎஸ் 456ங்கிற காங்கிரீட் தரவிதிப்படி 14 நாள், ஆறு மீட்டருக்கு மேல உள்ள பீமுக்கு (உத்தரம்) 21. அது சாதா சிமென்டுக்கு. சாம்பல் மாதிரி கலந்து வர்ற பிபிசி (PPC) சிமென்டுன்னா இன்னும் கூடும், இன்ஜினியர்ட்ட கேளுங்க. பெயின்ட், டைல்ஸுக்கெல்லாம் தேதி வேண்டாம், வரிசை போதும்.

ஒண்ணு கேக்கேன், ஃபேன் பாக்ஸை எப்படி எழுதியிருந்தீங்க?

தக்கலை சூப்பர்வைசர்:
'எலக்ட்ரிக்கல்'னு.

பழைய காண்ட்ராக்டர்:
அதைப் பாத்து யாரு என்னத்தைச் செய்ய? 'காங்கிரீட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொரு ரூமா பாக்ஸை எண்ணு, போட்டோ எடு'ன்னு எழுதணும். அதைக் காங்கிரீட் வேலைக்குள்ள ஸ்டெப்பா (உள்வேலையா) போடாதீங்க, தனி வேலையா போடுங்க. ஸ்டெப் டிக் ஆகாமலே வேலையை முடிச்சதா போட அந்த ஆப் விடும்.

தக்கலை சூப்பர்வைசர்:
மனசிலாச்சு அண்ணே. ஆரல்வாய்மொழி ஸ்லாபுக்கு அப்படியே எழுதிட்டேன். கருங்கல்ல ஸ்லாபுல துளை போட்டு ஆங்கர் போல்ட் அடிச்சு ஃபேனை மாட்டிரலாம், வயருக்குத்தான் உள்ள பைப் இல்ல. வெளியில தெரியுற மாதிரி வயரை மூடுற கேசிங் பட்டி போட்டா வீட்டுக்காரர் ஒத்துக்கிடுவாரான்னு தெரியல, நாளைக்குப் போய் நிக்கணும்.