டாக்கேரியாவா, செயின் கடையா? மிஷன் பக்கம் சாப்பிடறவங்க சொல்லுங்க

கொத்தமல்லி:
சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு இப்பதான் குடிவந்திருக்கோம். வெளிய சாப்பிட்டா ரெண்டு பேருக்கு முப்பது டாலர், மிஞ்சிப்போனா முப்பத்தஞ்சுக்குள்ள முடியணும், அதுக்கு மெக்சிகன் தான் சரின்னு எல்லாரும் சொல்றாங்க. நான் எல்லாம் சாப்பிடுவேன், வீட்டுக்காரர் சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. அவர் சிபோட்லேங்கற மெக்சிகன் செயின் கடைக்குப் போகலாம், என்னென்ன போடறாங்கன்னு எழுதியே வச்சிருக்காங்கங்கறார். எனக்கு மிஷன்ங்கற ஏரியாவுல 24ஆவது தெருவுல இருக்கற டாக்கேரியா, அதாவது சின்ன மெக்சிகன் கடைகள்ல தான் சாப்பிடணும். ரெண்டு இடத்துலயும் சாப்பிட்டவங்க சொல்லுங்க, ரெண்டும் நல்லாத்தான் இருக்கும்னு மட்டும் சொல்லிடாதீங்க ப்ளீஸ்.

பே_ஏரியா_வாசி:
டாக்கேரியா தான். யோசிக்கவே வேணாம். அலுமினியத் தாள்ல சுத்தி, டார்டியாங்கற மெக்சிகன் ரொட்டியில சோறு பீன்ஸ் கறி எல்லாம் அடைச்சு கை கனத்துக்கு குடுக்கற அந்த புரிட்டோ பொறந்ததே அந்த ஏரியாவுல தான், எல் ஃபாரோ கடைக்காரங்க 1961லயே நாங்க தான் முதல்ல போட்டோம்பாங்க, லா கும்ப்ரே கடைக்காரங்க 1969ல நாங்கன்னுவாங்க, அந்த சண்டை இன்னும் தீரல. சிபோட்லே ஆரம்பிச்ச ஸ்டீவ் எல்ஸ் இங்க சமையல்காரரா வேலை பாத்தப்போ மிஷன் புரிட்டோவ சாப்பிட்டுப் பாத்துட்டு தான் 1993ல டென்வர்ல போய் கடை போட்டாரு. மூலக்கடை நடந்து போற தூரத்துல இருக்கும்போது நகலுக்கு எதுக்குங்க காசு குடுக்கணும்? லா டாக்கேரியான்னே பேர் வச்ச கடைக்குப் போங்க, அங்க புரிட்டோவுல சோறே போட மாட்டாங்க, கறியும் பீன்ஸும் தான். 2017ல ஜேம்ஸ் பியர்ட்ங்கற பெரிய சமையல் விருது வாங்கின கடை, ஆனா இன்னும் கவுன்டர்ல வரிசையில நின்னு தான் ஆர்டர் குடுக்கணும்.

சைவம்_மட்டும்:
அவங்க கேட்டது வீட்டுக்காரர் சுத்த சைவம்னு. நீங்க கறியும் பீன்ஸும்னு பதில் சொல்றீங்க சகோ.

கொத்தமல்லி, உங்க வீட்டுக்காரர் சொல்றது தான் சரி. டாக்கேரியாவுல "வெஜிடேரியன் புரிட்டோ"ன்னு போர்டுல இருந்தா அதுக்கு அர்த்தம் உள்ள கறித்துண்டு இருக்காதுங்கறது மட்டும் தான். மசிச்சு வதக்கற பீன்ஸுக்கு நிறைய இடத்துல பன்றிக்கொழுப்பு தான் ஊத்துவாங்க, அது காலங்காலமா அப்படித்தான், அவங்க சமையல்ல தப்பு ஒண்ணும் இல்ல. சோத்தை கோழிச்சாறுல வேகவைப்பாங்க. மைதா டார்டியாவுலயும் கொழுப்பு இருக்கலாம். ஒரு கடையில நான் "கறி வேணாம், கோழி வேணாம்"னு தெளிவா சொல்லி வாங்கி பாதி சாப்பிட்டு முடிச்சப்புறம் தான் பீன்ஸ்ல மன்தேகா, அதாவது பன்றிக்கொழுப்பு, இருக்குன்னு அங்க வேலை பாக்கற பையன் சர்வசாதாரணமா சொன்னான், அன்னிக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். செயின் கடைங்களை எவ்வளவு வேணா திட்டுங்க. டாக்கோ பெல் சைவ ஐட்டங்களுக்கு அமெரிக்கன் வெஜிடேரியன் அசோசியேஷன் சான்றிதழ் இருக்கு. சிபோட்லேயும் 2013 வரைக்கும் பின்டோ பீன்ஸ்ல பேக்கன் (பன்றிக்கறி) போட்டுட்டு தான் இருந்தாங்க, ஆளுங்க கேள்வி கேட்டு சத்தம் போட்டதும் எடுத்தாங்க, இப்போ எல்லாம் வெளிப்படையா போட்டிருக்காங்க. ருசி ஒரு படி கம்மியா இருந்தாலும் பரவால்ல, என் வாய்க்குள்ள என்ன போகுதுன்னு எனக்குத் தெரியணும்.

பே_ஏரியா_வாசி:
நீங்க பட்டது நிஜம், மறுக்கல. ஆனா கறி இருக்கான்னு கேட்டா கறி இல்லன்னு தான் பதில் வரும். "லோஸ் ஃப்ரிஹோலெஸ் தியெனென் மன்தேகா?"ன்னு கேளுங்க, பீன்ஸ்ல பன்றிக்கொழுப்பு இருக்கான்னு. சோறுக்கு "கால்தோ தே போயோ", அதாவது கோழிச்சாறு, இருக்கான்னு கேளுங்க. மிஷன்ல நிறைய கடை எண்ணெய்க்கு மாறியாச்சு, கேட்டா மூஞ்சி சுளிக்காம சொல்வாங்க. இன்னொண்ணு, மைதாவை விட்டுட்டு மக்காச்சோள டார்டியா வாங்குங்க, பொதுவா அதுல சோளம் தண்ணி சுண்ணாம்பு தவிர வேற ஒண்ணும் இருக்காது. சுண்ணாம்புத் தண்ணியில சோளத்தை வேகவச்சு ராத்திரி முழுக்க ஊறவிட்டு தோலைக் கழுவி அரைப்பாங்க, அப்படி செஞ்சா தான் சோளத்துல இருக்கற நியாசின்ங்கற வைட்டமின் உடம்புல சேரும், இந்த முறை தெரியாம சோளத்தை மட்டும் கொண்டுபோய் நம்பி சாப்பிட்ட ஐரோப்பாக்காரங்களுக்கு பெலாக்ராங்கற சத்துக்குறை நோய் வந்துச்சு. 24ஆவது தெருவுலயே லா பால்மான்னு ஒரு கடை, 1953லருந்து இருக்கு, அங்க மாவாவே விப்பாங்க. அந்த டார்டியாவுல வதக்கின பொப்ளானோ மிளகா, சப்பாத்திக்கள்ளி, பூசணிப்பூ இதெல்லாம் வச்சு சீஸ் போட்டு குடுக்கற கெசடியா கிடைச்சா உங்க வீட்டுக்காரர் சிபோட்லே பேரையே எடுக்க மாட்டார்.

சைவம்_மட்டும்:
அந்த சீஸ்ல கன்னுக்குட்டி வயித்துலருந்து எடுக்கற ரென்னட் இருக்கான்னும் ஸ்பானிஷ்ல கேக்கணுமா? கறி பொரட்டின அதே கல்லுல தான் கெசடியாவும் போடுவாங்க. நீங்க சொல்ற அத்தனையும் கேட்டு முடிக்கறதுக்குள்ள பின்னாடி பத்து பேர் நிப்பாங்க.

ஹூஸ்டன்காரன்:
உள்ள வரலாமா. இந்த மூலம் நகல்ங்கற பேச்சு எனக்கு ஒத்துக்கல. டாக்கோ பெல்லை எடுத்துக்கோங்க, சான் பெர்னார்டினோவுல மிட்லா கஃபேன்னு 1937லருந்து ஒரு மெக்சிகன் கடை, எதிர்த்தாப்ல கிளென் பெல் பர்கர் கடை வச்சிருந்தாரு, தினம் அங்க நிக்கற வரிசையப் பாத்து பொரிச்ச டாக்கோவ (டார்டியாவ மடிச்சு உள்ள கறி வச்சது) எப்படி போடறதுன்னு கத்துக்கிட்டு 1962ல டாக்கோ பெல் திறந்தாரு. அவர் கோடீஸ்வரர் ஆனாரு, மிட்லா இன்னும் அதே ஊர்ல குடும்பக் கடையா ஓடுது. அதுல எனக்கும் கோவம் உண்டு. ஆனா அந்த மொறுமொறு டாக்கோவே பொய்னு சொன்னீங்கன்னா மிட்லாவையும் சேத்து தான் பொய்ங்கறீங்க.

எங்க டெக்சஸ்ல மஞ்சள் சீஸ், சீரகம் தூக்கலா போட்ட கிரேவி, மைதா டார்டியா, இதை கலிஃபோர்னியாக்காரங்க கேவலமா பேசுவாங்க. எல்லை பக்கம் தலைமுறை தலைமுறையா வாழ்ந்த மெக்சிகன் குடும்பங்க செஞ்ச சாப்பாடு தான் அது. ஃபஹீட்டா கறிங்கறது மாடு மேய்ச்சவங்களுக்கு கூலியோட சேத்துக் குடுத்த மலிவான துண்டு, ஹூஸ்டன்ல நின்ஃபா லாரென்சோ அம்மா 1973ல பத்து டேபிள் போட்டு அதை டார்டியாவுல வச்சு குடுத்து ஊருக்கே பழக்கினாங்க. இங்க உக்காந்த உடனே சிப்ஸும் சால்சாங்கற காரச் சட்னியும் சும்மா வரும், காலி ஆக ஆக வச்சுட்டே இருப்பாங்க.

கணக்குப்புள்ள:
எல்லாரும் வரலாறு பேசறீங்க, விலையப் பத்தி யாருமே பேசல. கேள்வியே மலிவான சாப்பாடு தானே? மிஷன்ல நல்ல புரிட்டோ ஒண்ணு இன்னிக்கு பதினஞ்சு டாலர் பக்கம் வந்துடுச்சு, அதுக்கு மேல ஐபேடைத் திருப்பிக் காட்டி இருபது பர்சென்ட் டிப்ஸ் கேக்கறான், நானே வரிசையில நின்னு நானே தூக்கிட்டு வந்து நானே தட்டை எடுத்து வைக்கிறேன், எதுக்கு டிப்ஸ்? டாக்கேரியான்னா உழைக்கிற ஜனம் வயிறு நிறைய சாப்பிடற இடம், அந்த ஜனமே வர முடியாத விலை வச்சா அப்புறம் அது என்ன டாக்கேரியா?

அடுப்படி:
நான் ரெஸ்டாரன்ட் கிச்சன்ல வேலை பாக்கறவன், இதைப் படிச்சுட்டு சும்மா போக முடியல. கார்னிடாஸ்ங்கற பன்றிக்கறி ஒரு சட்டி இறங்க மூணு நாலு மணி நேரம் ஆகும். அல் பஸ்தோர்னா கறிக்கு மிளகா அரைச்சு அச்சியோட்டேங்கற சிவப்பு விதை போட்டு ஊறவச்சு, லெபனான்லருந்து மெக்சிகோ போன ஜனங்க கொண்டுபோன ஷவர்மா மாதிரியே கம்பியில ஒவ்வொரு துண்டா அடுக்கி ஏத்தணும், அதுக்கு ஒரு ஆள் தனியா வேணும். டொமாட்டில்லோங்கற பச்சைக் காய சுட்டு சால்சா அரைக்கணும், வெங்காயம் கொத்தமல்லி மலையா நறுக்கணும். காலைல கடை திறக்கும்போது ரெண்டு பேர் ஏற்கனவே நாலு மணி நேரம் வேலை பாத்திருப்பாங்க. இத்தாலியன் கடையில பாஸ்தாவுக்கு இருபத்திரெண்டு டாலர் கேட்டா குடுக்கறோம், நம்மாளு கடையில மசாலா தோசைக்கு பதினஞ்சு குடுக்கறோம், டாக்கோ விலை ஒரு டாலர் ஏறினா மட்டும் ஏன் வலிக்குது?

2024 ஏப்ரல்லருந்து கலிஃபோர்னியாவுல பெரிய ஃபாஸ்ட் ஃபுட் செயின்ல மணிக்கு 20 டாலர் கூலி. அறுபது கடைக்கு மேல இருக்கறவங்களுக்குத் தான் சட்டம், ஆனா சின்னக் கடைக்காரர் அதைக் குடுக்கலன்னா ஆள் அங்க போயிடுவாங்கல்ல? வாடகையும் ஏறுது. அந்த டிப்ஸும் பெரும்பாலும் உள்ள நிக்கறவங்களுக்கு தான் பிரிச்சுப் போகுது, நான் போனா கண்டிப்பா வைப்பேன்.

கணக்குப்புள்ள:
நீங்க சொல்ற உழைப்புக்கு மரியாதை இருக்குண்ணே. ஆனா மெக்சிகோ சிட்டியில எல் கலிஃபா தே லியோன்னு ஒரு டாக்கோ கடை, 1968லருந்து இருக்கு, நிக்கத்தான் இடம், நாலே வகை டாக்கோ, 2024ல மிஷலின் ஸ்டார்ங்கற பெரிய சாப்பாட்டு விருது குடுத்தாங்க. நாற்காலி போடல, மெனுவ மாத்தல. பேர் வாங்கினாலும் கடை கடையாவே இருக்கலாம்னு தான் சொல்ல வர்றேன்.

அடுப்படி:
அந்தக் கடையில டாக்கோ ஒண்ணு அஞ்சு டாலர் கிட்ட வருது தம்பி, அந்த ஊருக்கு அது அதிக விலை. நல்ல கறிக்கு நல்ல விலைன்னு அவங்க தைரியமா வச்சிருக்காங்க, ஜனமும் நின்னு சாப்பிடுது. வயிறு நிறையணும்னா வழி இருக்கு, புரிட்டோவ விடுங்க, ரெண்டு டாக்கோ வாங்குங்க. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு டார்டியா இருக்கும், மேல இருக்கற கறியில கொஞ்சத்தை ரெண்டாவதுக்கு மாத்திக்கிட்டா நாலு ஆச்சு. சால்சாவும் முள்ளங்கியும் எலுமிச்சையும் பெரும்பாலும் சும்மா. நாக்கு, தலைக்கறி, குடல் எல்லாம் கேட்டு வாங்குங்க, சிபோட்லேல அதெல்லாம் கனவுலயும் கிடைக்காது.

கொத்தமல்லி:
குடலா! அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல. சனிக்கிழமை போறோம். அவர்கிட்ட பேசிட்டேன், மன்தேகா கேள்விய ஸ்பானிஷ்ல எழுதி எடுத்துட்டு வர்றேன்னுட்டார், பதில் திருப்தியா இல்லன்னா அவருக்கு ஹமைக்கா (செம்பருத்தி வகைப் பூ) ஜூஸ் மட்டும், வரும்போது சிபோட்லே. மெனுடோன்னு குடல் சூப் ஒண்ணு இருக்காமே, எப்போ கிடைக்கும்?

அடுப்படி:
பெரும்பாலான கடையில சனி ஞாயிறு மட்டும் தான். காலைலயே போயிடுங்க, மதியத்துக்குள்ள சட்டி காலி ஆகிடும்.

சைவம்_மட்டும்:
போங்க, நல்லா சாப்பிடுங்க. கூட்டம் இல்லாத காலை நேரம்னா கேக்கறதும் சுலபம். எந்தக் கடை, பீன்ஸுக்கு எண்ணெயா கொழுப்பா, சோறு எதுல வேகுது, சைவத்துக்கு தனிக் கல் உண்டா, கேட்டுட்டு வந்து இங்க எழுதுங்க. பதில் நேரா சொல்ற கடைன்னா நானும் குடும்பத்தோட வர்றேன், பதினஞ்சு டாலரும் டிப்ஸும் குடுக்க எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.