40 மீட்டர் ரிக்குக்கு ஸ்கோப்: பழைய சிஆர்ஓவா, புது டிஜிட்டலா?

பாலக்கோடு_40மீட்டர்:

எல்லோருக்கும் வணக்கம். ஹாம் ரேடியோவுக்கான (பொழுதுபோக்கு வானொலி) ரெஸ்ட்ரிக்டட் கிரேடு லைசென்ஸ் இந்த வருடம்தான் கைக்கு வந்தது. பாலக்கோட்டில் மொட்டை மாடியிலிருந்து எதிரில் இருக்கும் தென்னை மரம் வரை 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) டைபோல் ஆண்டெனா இழுத்திருக்கிறேன், ரிக் (பேசவும் கேட்கவும் உதவும் செட்) ஒருவரிடம் பழையதாக வாங்கிய 10 வாட் எஸ்எஸ்பி (குரல் அனுப்பும் ஒரு முறை) போர்டு. காலையில் பெங்களூரு, சேலம், கோவை எல்லாம் நன்றாகக் கேட்கிறது. நான் பேசினால்தான் "சத்தம் ஏறும்போது குரல் உடையுது ஓஎம்" (ஹாம்கள் ஒருவரையொருவர் அழைப்பது அப்படி) என்கிறார்கள். மைக் ஆம்ப்பா, அடுத்த பெருக்கி டிரைவரா, கடைசிப் பெருக்கி ஃபைனலா, இல்லை பவர் சப்ளையே படுத்துவிடுகிறதா என்று மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு ஒன்றும் பிடிபடவில்லை. அதனால் ஸ்கோப் (மின் அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்) வாங்கிவிடுவது என்று முடிவு, 25,000 ரூபாய் வரை போகலாம்.

ஓசூரில் ஒரு சின்ன யூனிட்டை மூடுகிறார்கள், அங்கே 20 மெகாஹெர்ட்ஸ் இரண்டு சேனல் அனலாக் சிஆர்ஓ (படக்குழாய் வைத்த பழைய ஸ்கோப்) ஒன்று மலிவாகக் கிடைக்கும் போலிருக்கிறது. இன்னொரு பக்கம் ஆன்லைனில் 100 மெகாஹெர்ட்ஸ் டிஜிட்டல் புதிதாக வாங்கலாம். மூன்றாவதாக, டேப்லெட் மாதிரி கையடக்கமாக வருகிறதே, அதிலும் 100 மெகாஹெர்ட்ஸ் என்றுதான் போட்டிருக்கிறது, விலை பாதிகூட இல்லை. என் கேள்வி சின்னதுதான்: நான் போவது 7 மெகாஹெர்ட்ஸ், அதற்கு 20 தாராளமாகப் போதாதா? எதற்கு 100?

இன்னொன்று, எங்கள் தெருவில் போர் மோட்டார் போட்டால் லைட்டே மங்கும். வீட்டு பிளக்கில் எர்த் இருக்கிறதா என்பதே சந்தேகம். இது ஸ்கோப்புக்கு ஆகாதா?


லேப்_வாத்தியார்_கிருஷ்ணகிரி:

தம்பி, பாலிடெக்னிக் லேபில் சிஆர்ஓவோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், 20 மெகாஹெர்ட்ஸை அவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். முதலில் அந்த 20 என்றால் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். 20 மெகாஹெர்ட்ஸ் வரை சரியாகக் காட்டும் என்று பொருள் இல்லை. அந்த இடத்தில் 10 வோல்ட் கொடுத்தால் 7 வோல்ட்தான் காட்டும், அதுதான் 3 டெசிபல் புள்ளி. அதற்குக் கீழேயும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே வரும். சுமாராகக் கணக்குப் போட்டால் 7 மெகாஹெர்ட்ஸில் 6 சதவீதம் குறைத்துக் காட்டும், 14-இல் 18 சதவீதம். 28-க்குப் போனால் பாதியை ஒட்டி வந்துவிடும், அதற்குமேல் அந்த அளவை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. 40 மீட்டரோடு நிற்பவருக்கு 6 சதவீதம் பெரிய விஷயமே இல்லை.

உங்கள் பிரச்சினைக்குத் தேவை என்வலப் (அலையின் வெளி வடிவம்) பார்ப்பது. பேசும்போது ஆர்எஃப் (ரேடியோ அலை) எப்படி வீங்கிச் சுருங்குகிறது, எந்த இடத்தில் தலை தட்டையாகிறது என்பதை அனலாக் டியூப்பில் பார்க்கிற சுகம் தனி. பொய் அலை எதுவும் திரையில் வராது, ட்ரேஸ் (திரையில் ஓடும் கோடு) எங்கே பிரகாசம், எங்கே மங்கல் என்பதே பாதி கதையைச் சொல்லிவிடும். ஆப்லேப், சயன்டெக் கம்பெனி சிஆர்ஓ பெட்டிகள் நம் ஊர் கல்லூரிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

குறை இல்லாமல் இல்லை. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் காய்ந்திருக்கும், டியூப் மங்கியிருக்கும், படத்தைச் சேமிக்க முடியாது (மொபைலில் போட்டோ எடுக்கத்தான் வேண்டும்), எடையைச் சொல்லவே வேண்டாம், ஓசூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வர முடியாது.


ஓசூர்_ஆர்எஃப்:

வாத்தியார் சொன்னதில் தப்பில்லை, ஆனால் 25,000 கையில் இருக்கும்போது நான் பழைய சிஆர்ஓ பக்கம் போகமாட்டேன். 100 மெகாஹெர்ட்ஸ், இரண்டு சேனல், விநாடிக்கு 1 கிகா சாம்பிள் (நூறு கோடி முறை அலையை அளப்பது), மெமரி பல மில்லியன் பாயிண்ட். இவ்வளவும் இருந்தால் ஹான்டெக்கோ சிக்லென்டோ ரிகோலோ, எந்தக் கம்பெனி கைக்கு எட்டுகிறதோ அதை எடுங்கள். ஒரு விஷயம் மட்டும் பார்த்து வாங்குங்கள்: அந்த சாம்பிள் எண்ணிக்கை பெரும்பாலும் சேனல்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வதுதான். ரிகோல் டிஎஸ்1054இசட்-இல் ஒரு சேனல் மட்டும் போட்டால் 1 கிகா, இரண்டு போட்டால் 500 மெகா, நாலும் போட்டால் 250 மெகா. டேப்லெட் மாதிரி வருகிறவற்றில் பெட்டியில் போட்ட எண்ணை நம்பி வாங்காதீர்கள், யாராவது சிக்னல் ஜெனரேட்டர் வைத்து அளந்து போட்ட வீடியோவைத் தேடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். டிஎஸ்ஓ138 மாதிரி கிட் எல்லாம் 200 கிலோஹெர்ட்ஸ்தான், ஆடியோ தாண்டி ரேடியோவுக்கு உதவாது.

மெமரி எதற்கு என்றால், என்வலப் பார்க்க டைம்பேஸை (திரையின் கிடைமட்ட நேர அளவு) கட்டத்துக்கு 20 மில்லிசெகண்ட் என்று வைப்பீர்கள். திரை முழுக்க கால் விநாடி. மெமரி வெறும் 10,000 பாயிண்ட் என்றால் ஸ்கோப் தன் சாம்பிளிங்கை விநாடிக்கு 40,000 அளவுக்கு இறக்கிக்கொள்ளும். 7 மெகாஹெர்ட்ஸை அந்த வேகத்தில் பார்த்தால் இல்லாத கோலமெல்லாம் திரையில் வரும், அதைப் பார்த்துவிட்டு நல்ல ரிக்கைப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு. 12 மில்லியன் பாயிண்ட் இருந்தால் அதே திரைக்கு 50 மெகா சாம்பிள் கிடைக்கும், தாராளம். எது இருந்தாலும் அக்விசிஷன் மெனுவில் பீக் டிடெக்ட் (உச்சங்களைத் தவறவிடாமல் பிடிக்கும் வசதி) போட்டுவிட்டு என்வலப் பாருங்கள்.

ஆனால் ஸ்கோப் மாடலைவிட ப்ரோப் (ஸ்கோப்பைச் சர்க்யூட்டோடு சேர்க்கும் வயர்) முனையில் என்ன நடக்கிறது என்பதுதான் பெரிய விஷயம், அதைத்தான் யாரும் பேசுவதில்லை. ப்ரோபில் 1எக்ஸ் (சிக்னலை அப்படியே விடுவது), 10எக்ஸ் (பத்தில் ஒன்றாகக் குறைப்பது) என்று ஒரு சுவிட்ச் இருக்கும். 1எக்ஸில் வைத்தால் பெரும்பாலான ப்ரோப்கள் 6 மெகாஹெர்ட்ஸ் வாக்கிலேயே விழுந்துவிடும், 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் வாங்கியதே வீண். அதனால் ஆர்எஃப் என்றால் எப்போதும் 10எக்ஸ். புது ப்ரோபை மாட்டியதும் ஸ்கோப் முகப்பில் இருக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் வைத்து, மூலை கூர்மையாக வரும்வரை அந்தச் சின்ன ட்ரிம்மரைத் திருப்புங்கள். இதைச் செய்யாமல் எடுக்கிற அளவு எதுவும் அளவே இல்லை.

அப்புறம் 10 மெகாஓம் என்று எழுதியிருப்பதை நம்பி விஎஃப்ஓவின் (அதிர்வெண்ணை உருவாக்கும் ஆஸிலேட்டர்) டாங்க் சுருளில் போய் ப்ரோபை வைக்காதீர்கள். அந்த 10 மெகாஓம் டிசிக்கு. முனையில் 15 பிகோஃபாரட் வாக்கில் இருக்கும், அது 7 மெகாஹெர்ட்ஸில் வெறும் 1,500 ஓம். ஆஸிலேட்டர் நகர்ந்துவிடும், சில சமயம் நின்றேவிடும். அதற்கு அடுத்த பஃபர் ஸ்டேஜுக்குப் பிறகு வைத்துப் பாருங்கள். அந்தக் கருப்பு முதலைக் கிளிப் வயர் இருக்கிறதே, அது ஒரு ஜாண் நீளம் என்றாலே ஒரு சுருள் மாதிரி வேலை செய்யும், அலை ஓரத்தில் இல்லாத துடிப்பைக் காட்டும். கூடவே வரும் சின்ன ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிடாமல் ப்ரோப் முனையில் மாட்டி, பக்கத்திலேயே கிரவுண்ட் எடுங்கள்.

இப்போது உங்கள் குரல் உடைவது. ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு 50 ஓம் டம்மி லோடு (ஆண்டெனாவுக்குப் பதில் பவரை வாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டர்) போடுங்கள். அதன் மேல் பீக்-டு-பீக் வோல்ட்டை அளந்து, அதை அதாலேயே பெருக்கி 400-ஆல் வகுத்தால் வாட். 10 வாட்டுக்கு 63 வோல்ட் வரும், 10எக்ஸ் ப்ரோப் தாங்கும். நாளைக்கு 50 வாட் ஆம்ப்ளிஃபையர் போட்டால் 141 வோல்ட். அப்போது ப்ரோபை நேராக வைக்காதீர்கள், 300 வோல்ட், 600 வோல்ட் என்று அதன் மேல் எழுதியிருப்பது அதிர்வெண் ஏற ஏற வேகமாகக் குறையும். டம்மி லோடிலிருந்து 820 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் மூன்றைத் தொடராகப் போட்டு, அங்கிருந்து கோஆக்ஸ் கேபிள், ஸ்கோப் முகத்தில் 50 ஓம் ஃபீட்-த்ரூ (உள்ளே 50 ஓம் ரெசிஸ்டர் வைத்த இணைப்பி). வருவது ஐம்பதில் ஒரு பங்கு. ரெசிஸ்டர் மெட்டல் ஃபிலிமாக இருக்கட்டும், வயர்வுண்ட் வேண்டாம்.

மொபைலில் டோன் ஜெனரேட்டர் ஆப்பில் 700, 1900 ஹெர்ட்ஸ் இரண்டையும் ஒன்றாகப் போட்டு மைக் முன்னால் வையுங்கள். மல்லிகைச் சரம் மாதிரி உப்பி உப்பி வர வேண்டும், நடுவில் கோடு வரை இறங்கி ஒட்ட வேண்டும். தலை தட்டையானால் மைக் கெய்னைக் குறையுங்கள், அப்போதும் தட்டை என்றால் ப்ரோபைப் பின்னால் நகர்த்தி டிரைவர் வெளியீடு, மிக்ஸர் வெளியீடு என்று பாருங்கள். எங்கே முதலில் தட்டையாகிறதோ அந்த ஸ்டேஜ்தான் ஆள். இரண்டாவது சேனலை ஏசி கப்ளிங்கில் 12 வோல்ட் லைனில் மாட்டுங்கள். நீங்கள் சொன்ன மோட்டார் கதையைப் பார்த்தால், டோன் ஏறும்போதெல்லாம் அந்தக் கோடு குழி விழுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. என்வலப் தட்டையாகிற அதே நொடியில் சப்ளையும் குழி விழுந்தால் மைக் ஆம்ப்பைத் திட்டிப் பயன் இல்லை. வாத்தியாரே, இரண்டையும் ஒரே திரையில் நிறுத்திச் சேமித்து வைத்து, ஆற அமரப் பார்க்க உங்கள் டியூப்பில் முடியுமா?


அரூர்_வயர்மேன்:

ஸ்கோப் எதுவானாலும் எர்த் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். ப்ரோபின் கருப்புக் கிளிப் நேராக ஸ்கோப் பாடிக்குப் போகிறது, பாடி மூன்று பின் பிளக்கின் எர்த்துக்குப் போகிறது. அதனால் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) பிரைமரி பக்கம், அதாவது 230 வோல்ட் பக்கம், கிளிப்பை மாட்டினால் அடுத்த நொடி படார். இதிலிருந்து தப்பிக்க என்று எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லும் புத்திசாலிகள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். வெட்டினால் ஸ்கோப் பாடியே லைவ் ஆகிவிடும், கை வைப்பது நீங்கள்தான்.

எர்த் இல்லாத பிளக்கில் வேறொரு வம்பு. ஸ்கோப், லேப்டாப், ரிக் சப்ளை எல்லாவற்றின் உள்ளேயும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் பாடியைத் தொங்கவிட்டிருக்கும். பாடியில் 110 வோல்ட் வாக்கில் மீட்டர் காட்டும். சுருக்கென்று அடிப்பது அதுதான். ஆள் சாகாது, ஆனால் பிஎன்சி இணைப்பியை மாட்டும்போது ரிக்கின் ரிசீவர் முனை போய்விட வாய்ப்பு உண்டு.

மீட்டரில் பேஸ்-நியூட்ரல் பாருங்கள், பிறகு பேஸ்-எர்த் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து, நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. பேஸ்-எர்த் அலைபாய்ந்தால் எர்த் வயர் எங்கேயோ காற்றில் நிற்கிறது. நம் பக்கம் பாறை மண், கோடையில் குழி காய்ந்துபோனால் எர்த் பெயருக்குத்தான் இருக்கும், வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். பிளக்கிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கிவிடுகிற வேலையை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். நியூட்ரல் அறுந்தால் வீட்டில் எல்லாப் பாடியும் லைவ்.


பாலக்கோடு_40மீட்டர்:

சார், அண்ணா, எல்லோருக்கும் நன்றி. பேஸ்-எர்த் அளந்தேன், 90-க்கும் 140-க்கும் நடுவில் ஆடுகிறது, முதலில் அதைச் சரி செய்ய ஆள் சொல்லிவிட்டேன். ஓசூர் அண்ணா, 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் எஃப்எஃப்டி (அலையை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் வசதி) இருக்கிறதே, அதை வைத்தே ஹார்மோனிக் (7-இன் இரு மடங்கு, மும்மடங்கில் வரும் தேவையற்ற அலை) பார்த்துக்கொள்ளலாமா? 14, 21-இல் என் ரிக் குப்பை கொட்டுகிறதா என்று தெரிய வேண்டும்.


ஓசூர்_ஆர்எஃப்:

மோசமாகக் கொட்டினால் தெரியும், ஓரளவு நல்ல ரிக் என்றால் தெரியாது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி விதியில் ஹெச்எஃப் (30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ்) டிரான்ஸ்மிட்டருக்கு ஹார்மோனிக் 43 டெசிபல் கீழே இருக்க வேண்டும் என்று இருக்கிறது, நாமும் அதையே அளவாக வைத்துக்கொள்வோம். உங்கள் 63 வோல்ட்டுக்கு 43 டெசிபல் கீழே என்றால் அரை வோல்ட்டுக்கும் குறைவு. 8 பிட் ஸ்கோப்பில் (உயரத்தை 256 படியாகப் பிரிப்பது) திரை முழுக்க 80 வோல்ட் வைத்தால் ஒரு படியே 0.3 வோல்ட். ஒன்றரைப் படி உயர ஹார்மோனிக்கைத் தேடுகிறீர்கள். எஃப்எஃப்டி கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கும்தான், ஆனால் ஸ்கோப்பே தன் பங்குக்குச் சேர்க்கும் ஹார்மோனிக்கும் அந்த உயரத்திலேயே இருக்கும். அதற்கு டைனிஎஸ்ஏ (கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர்) தனியாக வாங்குங்கள், சின்னதுதான். ஆனால் அதன் வாய் 10 மில்லிவாட்டுக்கு மேல் தாங்காது, உங்கள் 10 வாட்டை 40 டெசிபலாவது குறைக்காமல் மாட்டினால் அன்றோடு முடிந்தது. டைபோல் ட்யூன் செய்ய நானோவிஎன்ஏ (ஆண்டெனாவை அளக்கும் சின்னக் கருவி) போதும், அதற்கு ஸ்கோப் தேவையே இல்லை.


லேப்_வாத்தியார்_கிருஷ்ணகிரி:

ஓசூர்காரரே, திரையில் நிறுத்தி வைக்க முடியாதுதான், ஒத்துக்கொள்கிறேன். தம்பி, புதியதையே வாங்குங்கள். ஆனால் அந்தப் பழைய பெட்டி இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு வந்தால் விடாதீர்கள், பழக அதைப்போல வராது. போகும்போது ஒரு பிஎன்சி ப்ரோப் எடுத்துப்போங்கள். அரை மணி நேரம் ஆன் செய்து வைத்துவிட்டு, ட்ரேஸ் தானாக மேலே கீழே நகர்கிறதா பாருங்கள். கேலிப்ரேஷன் முனையில் இரண்டு சேனலும் ஒரே உயரம் காட்ட வேண்டும். வோல்ட் பெர் டிவிஷன் குமிழை ஒவ்வொரு நிலையிலும் திருப்புங்கள், படம் குதித்தாலோ கரகரத்தாலோ சுவிட்ச் தேய்ந்திருக்கிறது, அது மட்டும் என்றால் கான்டாக்ட் கிளீனரில் சரியாகும். ஃபோகஸ் கூர்மையாகவே வரவில்லை என்றால் டியூப் போய்விட்டது, சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ஓசூரில் வேலை முடிந்துவிட்டால் அப்படியே பெங்களூரு எஸ்பி ரோட்டுக்கு (எலக்ட்ரானிக்ஸ் கடைத் தெரு) ஒரு நடை போய் 50 ஓம் ஃபீட்-த்ரூவும் பிஎன்சி டீ இணைப்பியும் வாங்கிக்கொள்ளுங்கள், 820 ஓம் ரெசிஸ்டர் பத்து எடுத்தால் எனக்கும் நாலு கொடுங்கள்.