நாக்குப் படமும் ஆறாம் வகுப்புப் பையனும்

ஆறாப்புடீச்சர்: நேற்று வகுப்பில் சர்க்கரைத் தண்ணீர், உப்புத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, பாகற்காய்ச் சாறு நான்கையும் பட்ஸில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். சார்ட்டில் நுனிக்கு இனிப்பு, அடிநாக்குக்குக் கசப்பு என்று போட்டிருக்கிறது. ஒரு பையன் மட்டும் "ஓரத்திலேயும் இனிக்குது டீச்சர்" என்று அடம்பிடித்தான். நீ சரியாக வைக்கவில்லை, மறுபடி வை என்றேன். உங்கள் வகுப்பிலும் இப்படி வருமா?

கெமிஸ்ட்ரிவாத்தி: டீச்சர், அவன் சொன்னதுதான் சரி! 1901இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் அளந்தபோது இடத்துக்கு இடம் தெரிந்தது சின்ன வித்தியாசம்தான். 1942இல் போரிங் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் புத்தகத்தில் போட்ட வரைபடத்தைப் பார்த்தவர்கள் நுனியில் மட்டும்தான் இனிப்பு என்று எடுத்துக்கொண்டு, நாக்கைப் பாகப்பிரிவினை செய்துவிட்டார்கள். 1974இல் காலிங்ஸ் என்ற பெண்மணி மறுபடி அளந்து, வித்தியாசம் உண்டு, ஆனால் பெரிதாக ஒன்றுமில்லை என்று சொல்லியாயிற்று.

பழையவாத்தியார்: பேப்பர் திருத்துகிறவருக்கு காலிங்ஸைத் தெரியாது சார். நாற்பது பிள்ளை, முக்கால் மணி நேரம், பட்ஸ் யார் வாயிலிருந்து யார் வாய்க்குப் போகிறது என்று பார்க்கவே ஆள் போதாது. படம் வரைந்து பாகம் குறித்தால் மார்க், அதைவிட்டு இது எதற்கு?

கெமிஸ்ட்ரிவாத்தி: சார்ட்டுக்கு ஏற்றபடி நாக்கைத் திருத்துவதற்குப் பெயர் சோதனையா சார்? நான் பிளஸ் ஒன்னில் சிறுகுறிஞ்சான் இலையை மென்று துப்பிவிட்டுச் சர்க்கரை போட்டுக்கொள்ளச் சொல்வேன். வாயில் மணல் மாதிரி நறநறக்கும், இனிப்பே இருக்காது. உப்பு மட்டும் அப்படியே கரிக்கும். இலையில் இருப்பது இனிப்பை உணரும் இடத்தை மட்டும் அடைத்துவிடுகிறது. அதை ஒரு தடவை பார்த்த பிள்ளை ஆயுசுக்கும் மறக்காது.

ரெண்டுபிள்ளைஅம்மா: குறுக்கே வருகிறேன், மன்னிக்கணும். சர்க்கரை நோய்க்கு நாட்டு வைத்தியத்தில் கொடுக்கிற இலை அது. இன்சுலின் போடுகிற பிள்ளை வகுப்பில் இருந்தால்? எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

கெமிஸ்ட்ரிவாத்தி: நியாயம்தான் மேடம், கேட்கவில்லை. இனி வீட்டில் கேட்டுவிட்டுத்தான். சின்ன வகுப்புக்கு இலையும் வேண்டாம், மூக்கைப் பொத்திக்கொண்டு ஆரஞ்சு மிட்டாயும் எலுமிச்சை மிட்டாயும் சப்பினாலே போதும். இனிப்பும் புளிப்பும் தெரியும், எது எந்த மிட்டாய் என்று திணறுவார்கள், கையை எடுத்ததும் பளிச்சென்று தெரிந்துவிடும். பட்ஸை ஆளுக்கு ஒன்று கொடுத்துக் குப்பையில் போடச் சொல்லுங்கள்.

ஆறாப்புடீச்சர்: சரி சார். திங்கட்கிழமை அந்தப் பையனையே முதலில் கூப்பிடுகிறேன், சார்ட்டையும் கழற்றிவிடுகிறேன்.

பழையவாத்தியார்: கழற்றுங்கள் டீச்சர். காலாண்டில் நாக்குப் படம் கேட்டால் அவன் என்ன எழுத வேண்டும் என்பதையும் திங்கட்கிழமையே சொல்லிவிடுங்கள்.