38,000 வரி ஜாங்கோ கோடுக்கு ஏஐ வைத்து ஆவணம் எழுத முடியுமா? எதை நம்பலாம்?

அரசலாறு | கும்பகோணம்

வணக்கம். ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கான மென்பொருள். நெல் கொள்முதல், கிடங்கு இருப்பு, விவசாயிக்குப் பணம் அனுப்புவது மூன்றும் இதில்தான். ஜாங்கோ எனும் வலைச் சட்டகத்தில் சுமார் 38,000 வரி பைதான், 61 டேபிள், மற்ற மென்பொருள்கள் தொடர்புகொள்ள ரெஸ்ட் ஏபிஐ. ஆவணம் என்று சொல்லிக்கொள்ளப் பழைய ரீட்மீ ஒன்று மட்டும். பாதிக்கு மேல் கோடு எழுதியவர் இன்னும் மூன்று வாரத்தில் விலகுகிறார். தை பிறந்தால் சம்பா அறுவடை, அதன்பிறகு யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது.

ஃபைல் ஃபைலாக ஏஐ மாடலிடம் கொடுத்துப் பார்த்ததில், ‘கால்குலேட்_நெட்_வெயிட்: இந்த ஃபங்ஷன் நிகர எடையைக் கணக்கிடுகிறது’ என்று பெயரையே திருப்பிப் படிக்கிறது. கேள்விகள்:

முழு ரெப்போவையும் (மொத்தக் கோடும் இருக்கும் களஞ்சியம்) ஒரே தடவையில் கொடுப்பது நல்லதா? கிளவுட் மாடலா, ஆபீஸ் மெஷினில் உள்ள 12 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டே போதுமா? எழுதிய ஆவணம் ஆறு மாதத்தில் பழசாகிவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?


வெண்ணாறு | தஞ்சாவூர்

முழுசாகக் கொடுக்காதீங்க. வரிக்குப் பத்து டோக்கன் (மாடல் உரையை வெட்டிப் படிக்கும் துண்டு) என்று வைத்தாலே 3.8 லட்சம் டோக்கன் வரும். அவ்வளவும் கொள்ளும் மாடல்கள் இருக்கின்றன. ஆனால் கொள்வது வேறு, கவனிப்பது வேறு. நீண்ட உள்ளீட்டில் தலையும் வாலும் நினைவில் நிற்கும், நடுவில் கிடப்பதைக் கோட்டைவிடும். உங்கள் பேமென்ட் மாட்யூல் நடுவில் மாட்டினால் போச்சு.

அதற்கு முன், மாடலே தேவைப்படாத பகுதியைத் தனியே பிரித்துவிடுங்கள். ஏபிஐ விவரம் டிஆர்எஃப்-ஸ்பெக்டாக்குலர் என்ற கருவியில் இருந்து ஓப்பன்ஏபிஐ ஃபைலாக வந்துவிடும். 61 டேபிளின் உறவுப் படம் ஜாங்கோ-எக்ஸ்டென்ஷன்ஸில் உள்ள கிராஃப்_மாடல்ஸ் கட்டளையில் வரும். ஃபங்ஷன்களின் பெயர், ஆர்க்யுமென்ட், டைப் எல்லாம் ஸ்ஃபிங்ஸ் ஆட்டோடாக். இவை கோடில் இருப்பதை அப்படியே எடுத்துத் தருபவை, கற்பனை கலக்க வழியில்லை. இந்த வேலையை மாடலிடம் கொடுத்தால், இல்லாத ஒரு ஆர்க்யுமென்ட்டைப் பத்தில் ஒரு இடத்தில் சேர்த்து வைத்திருக்கும், அதைக் கண்டுபிடிக்க நீங்கள் மற்ற ஒன்பதையும் படிக்க வேண்டும்.

மாடலுக்கு உரியது இவற்றுக்கு மேலே உள்ள விளக்கம். அதைக் கீழிருந்து மேலே கட்டுங்கள். இம்போர்ட் வரைபடம் எடுத்து, வேறெதையும் சாராத மாட்யூலில் தொடங்குங்கள். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் அதன் உடல், அதை அழைக்கும் இடங்கள் இரண்டு மூன்று, அது அழைக்கும் ஃபங்ஷன்களின் தலைப்பு வரி, அதற்கான டெஸ்ட் ஆகிய நான்கும் ஒன்றாகப் போக வேண்டும். தனி ஃபங்ஷனை மட்டும் கொடுத்தால் பெயரைத் திருப்பிப் படிப்பதைத் தவிர அதற்கு வேறு வழியே இல்லை. உங்களுக்கு நடந்தது அதுதான். டெஸ்டை விட்டுவிடாதீங்க, எந்த உள்ளீட்டுக்கு என்ன விடை என்று கோடுபேஸில் தெளிவாக எழுதியிருக்கும் ஒரே இடம் அது.

மாட்யூல் பக்கம் எழுதும்போது கீழே வந்த சுருக்கங்களோடு கோடையும் சேர்த்துக் கொடுங்கள். சுருக்கத்தின் சுருக்கத்தை எடுத்தால், அடியில் விழுந்த ஒரு தப்பு மேலே போகப் போக உறுதியான உண்மை மாதிரி ஆகிவிடும்.

கட்டளையில் இவ்வளவும் இருக்கட்டும்:

‘பெயரிலிருந்து தெரிவதைத் திரும்ப எழுதாதே. ஒவ்வொரு கூற்றுக்கும் ஃபைல் பெயரும் வரி எண்ணும் கொடு. எந்த டேபிளில் எழுதுகிறது, என்ன எக்ஸெப்ஷன் எழுப்புகிறது, வெளியே எந்தச் சேவையை அழைக்கிறது, எண்களின் அலகு என்ன என்று சொல். கமென்ட்டும் கோடும் முரண்பட்டால் கோடே சரி, முரண்பாட்டைத் தனியாகக் குறி. ஏன் இப்படி என்பதற்குக் காரணம் கோடில் இல்லாவிட்டால் ஊகிக்காதே, கேள்வியாக எழுது.’

கடைசி வரிதான் முக்கியம். மூன்று வாரத்தில் கிளம்புகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்விப் பட்டியலை மாடல் தயாரித்துக் கொடுக்கும். பக்கம் பக்கமாக வரும் விளக்கத்தைவிட எனக்கு அந்தப் பட்டியல்தான் பெரிசு. விளக்கத்தை அவர் போன பிறகும் எழுதலாம்.

சரிபார்ப்புக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். வந்த மார்க்டவுனில் பேக்டிக்குக்குள் இருக்கும் எல்லாப் பெயரையும் பிரித்தெடுத்து, பைதானின் ஏஎஸ்டி மாட்யூல் (கோடை மர வடிவில் பிரித்துத் தருவது) மூலம் எடுத்த பெயர்ப் பட்டியலோடும் செட்டிங்ஸ், என்விரான்மென்ட் வேரியபிள் பட்டியலோடும் ஒப்பிடுங்கள். இல்லாத பெயர் ஒன்று இருந்தாலும் அந்தப் பக்கத்தைத் தள்ளுங்கள். நிறுவும் முறையை மட்டும் படித்துச் சரிபார்க்கவே முடியாது. காலியான டாக்கர் கன்டெய்னரில் (எதுவும் நிறுவாத தனிச் சூழல்) ஒவ்வொரு கட்டளையையும் ஓட்டித்தான் ஆக வேண்டும்.


குடமுருட்டி | பாபநாசம்

வெண்ணாறு சொன்னதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கு. காரணம் தெரியாவிட்டால் மாடல் கேள்வி கேட்கும் என்கிறார். தெரியவில்லை என்று அதற்குத் தெரிந்தால்தானே கேட்கும்? நம்ம ஊர் நெல் கணக்கில் அது தெரிந்த மாதிரியே பேசும்.

கொள்முதல் கோடில் ‘எண்ணிக்கை × 0.4’ என்று எங்காவது இருக்கும் பாருங்க. 40 கிலோ சிப்பத்தைக் குவிண்டாலாக்குவது அது. வேரியபிள் பெயர் மோசமாக இருந்தால் ‘40 சதவீதம் கழிவு’ என்று கூசாமல் எழுதும். வியாபாரி மூட்டை 60 கிலோ என்று இன்னொரு இடத்தில் 0.6 இருந்தால் இன்னும் குழப்பம்.

பருவத்துக்கு கே, எஸ், டி என்று ஒற்றை எழுத்துக் குறியீடு வைத்திருப்பீங்க. குறுவை, சம்பா, தாளடி. மாடல் கே-யைப் பார்த்ததும் காரீஃப் என்று விரிக்கும். காரீஃப் கொள்முதல் பருவம் அக்டோபரில் தொடங்கி செப்டம்பரில் முடிகிற ஒரு முழு ஆண்டு. குறுவை அதில் ஒரு போகம். இரண்டும் ஒன்றென்று எழுதினால் வருகிற புது ஆள் ரிப்போர்ட்டையே தப்பாகத் திருத்துவார்.

ஆண்டும் ஒன்றல்ல, மூன்று. நிதியாண்டு ஏப்ரல், பசலி (வருவாய்த் துறைக் கணக்காண்டு) ஜூலை, கொள்முதல் பருவம் அக்டோபர். அடங்கல் (கிராமப் பயிர்ப் பதிவேடு) விவரம் வாங்குகிற மென்பொருள் என்றால் பசலி கட்டாயம் இருக்கும். ஜூலை முதல் டிசம்பர் வரை 590 கழிக்க வேண்டும், ஜனவரி முதல் ஜூன் வரை 591. அதாவது ஜூலை 2024 முதல் ஜூன் 2025 வரை பசலி 1434. கோடில் 590, 591 என்று வெறும் எண் நிற்கும், ‘ஆண்டுத் திருத்தம்’ என்று மாடல் தாண்டிப் போய்விடும். நிலப்பரப்பில் ‘மா’ என்று ஒரு நெடுவரிசை இருந்தால் அதையும் பாருங்க. மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. ஆங்கில எழுத்தில் இரண்டெழுத்தாக நிற்கும் அதை ‘மூவிங் ஆவரேஜ்’ என்று விரித்தாலும் ஆச்சரியமில்லை.

நெல்லின் ஈரப்பத வரம்பு 17 சதவீதம் என்பதை நிலையான விதியாக எழுதவிடாதீங்க. மழைக் காலத்தில் ஒன்றிய அரசு தளர்வு கொடுக்கிற வருஷமும் உண்டு. எண்ணை எழுதாமல், எந்த செட்டிங்கில் மாற்றுவது, யாருக்கு மாற்ற அனுமதி என்று இருக்கணும். கோடுக்குள்ளேயே 17 என்று அடித்திருந்தால் அது ஆவணத்தின் குறை இல்லை, கோடைத் திருத்துங்க.

ஆகவே முதல் வேலை, மாடலைத் திறப்பதற்கு முன்னாடி ஒரு சொல் பட்டியல். 40, 50 வரி போதும். குறியீடு, அதன் பொருள், அலகு, எது இல்லை என்பது. ‘கே = குறுவை, காரீஃப் அல்ல’ என்கிற மாதிரி. ஒவ்வொரு அழைப்பிலும் அது தலையில் போகணும்.

பெயரை நம்பி எழுதுகிறதா, கோடைப் படித்து எழுதுகிறதா என்று பார்க்க ஒரு வழி. ஃபங்ஷன் பெயரை ‘எஃப்1’ என்று மாற்றி, டாக்ஸ்ட்ரிங்கை (ஃபங்ஷனுக்குள் எழுதியிருக்கும் விளக்கம்) எடுத்துவிட்டு மறுபடி கேளுங்க. ‘வேலிடேட்_மாய்ஸ்சர்’ என்ற பெயரோடு கேட்டால் ‘வரம்பு மீறினால் நிராகரிக்கும்’ என்கும். பெயர் இல்லாமல் கேட்டால் ‘லாகில் எழுதிவிட்டு ட்ரூ திருப்பித் தரும்’ என்கும். இரண்டும் முரண்படுகிற இடம்தான் மனுஷன் உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடம். 38,000 வரிக்கும் வேண்டாம், பணமும் எடையும் தொடுகிற மாட்யூலுக்கு மட்டும்.


வெண்ணாறு | தஞ்சாவூர்

ஒப்புக்கொள்கிறேன். சொல் பட்டியல் முதலில், கட்டளை பிறகு. கூடவே, கோடில் உள்ள வெறும் எண்களை எல்லாம் (0, 1 தவிர) ஏஎஸ்டி வழியே பட்டியலெடுத்து, மாடல் என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒவ்வொன்றையும் கேள்விப் பட்டியலில் சேர்த்துவிடலாம். அப்போது 590 தப்பிக்காது.


அரசலாறு | கும்பகோணம்

பசலியும் இருக்கிறது, 0.4-ம் இருக்கிறது. குறியீடு அதே ஒற்றை எழுத்துதான்! இன்னொரு சிக்கல்: டெஸ்ட் ஃபிக்ஸ்சரில் (டெஸ்டுக்கு வைத்த மாதிரித் தரவு) பழைய தரவுத்தளத்திலிருந்து எடுத்த விவசாயிகளின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் அப்படியே கிடக்கின்றன. டெஸ்டையும் கொடுக்கச் சொல்கிறீர்கள். லோக்கல் மாடல்தான் வழியா?


பாமணி | மன்னார்குடி

லோக்கலா கிளவுடா என்பதற்கு முன்னால், அந்தத் தரவு ரெப்போவிலேயே இருக்கக் கூடாது சார். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இதைச் சும்மா விட்டுவைப்பது வம்பு. ஃபேக்கர் லைப்ரரியில் போலித் தரவு உருவாக்கி மாற்றுங்கள். நீளமும் வடிவமும் ஒத்திருந்தால் டெஸ்ட் ஓடும். ஃபைலில் மாற்றினாலும் கிட் (கோடு மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கருவி) வரலாற்றில் பழையது நிற்கும், கிட்-ஃபில்டர்-ரெப்போ கொண்டு அதையும் கழுவுங்கள். பாஸ்வேர்ட், ஏபிஐ கீ கிடக்கிறதா என்று கிட்லீக்ஸ் ஒருமுறை ஓட்டுங்கள். கிடைத்த கீயை அழித்தால் மட்டும் போதாது, புதிதாக மாற்ற வேண்டும்.

அப்புறம் 12 ஜிபி கார்டு. 4 பிட்டில் சுருக்கிய 14பி (1,400 கோடி அளவுருக்கள் கொண்ட) மாடல் ஏறத்தாழ 9 ஜிபி பிடிக்கும். அதற்கு மேல் கான்டெக்ஸ்ட்டுக்கு (மாடல் ஒரே நேரத்தில் பார்க்கும் உரை) இடம் வேண்டும். குவென் 2.5 கோடர் 14பி-யில் 8,000 டோக்கனுக்கு ஒன்றரை ஜிபி, 16,000 டோக்கனுக்கு மூன்று ஜிபிக்கு மேல். 16,000 வைத்தால் கார்டில் கொள்ளாமல் சிபியு-வுக்கு வழிந்து, வேகம் படுத்துவிடும். அதே வகை 7பி ஐந்து ஜிபிக்குள் அடங்கும், 32,000 டோக்கன் வைத்தாலும் தாங்கும். ஆனால் அழைப்புச் சங்கிலியைப் பின்தொடர்வதில் 14பி கண்கூடாக மேல். ஃபங்ஷன் மட்டத்துக்கு 14பி-யை 8,000 டோக்கனில் ஓட்டலாம். மாட்யூல் மட்டத்துக்குத் தரவு கழுவிய கோடைப் பெரிய கிளவுட் மாடலிடம் கொடுக்கலாம், நிறுவனம் எழுத்தில் சம்மதித்தால்.

ஓலாமாவில் (லோக்கல் மாடலை ஓட்டும் மென்பொருள்) ஓட்டினால் நம்_சிடிஎக்ஸ் என்கிற கான்டெக்ஸ்ட் அளவை நீங்களே கொடுங்கள். கொடுக்காவிட்டால் அது தன் இயல்பளவை எடுத்துக்கொண்டு, மிஞ்சியதை எந்த எர்ரரும் இல்லாமல் வெட்டிவிடும். வெட்டுப்படுவது பெரும்பாலும் முன்பகுதி, அதாவது உங்கள் சொல் பட்டியல். ‘சொன்னதைக் கேட்கவே மாட்டேங்குது’ என்கிற புகார்களில் பல இந்த வகைதான்.


வெண்ணாறு | தஞ்சாவூர்

பழசாவது பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ராத்திரி ராத்திரி முழு ரெப்போவையும் மறுபடி எழுதவைக்கிற முறை வேண்டாம். டெம்பரேச்சர் (விடையில் தற்செயலின் அளவு) பூஜ்யம் வைத்தாலும் வாக்கியம் அங்கங்கே மாறும், டிஃப் (பழையதுக்கும் புதியதுக்கும் உள்ள மாற்றப் பட்டியல்) முழுக்கக் குப்பையாகும், பத்தாவது நாள் அதை யாரும் படிக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஏஎஸ்டி டம்ப் எடுத்து ஹாஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற குறியீடு) போடுங்கள். கமென்ட், இடைவெளி மாற்றங்கள் அதில் தெரியாது என்பதால் வெறும் ஃபார்மேட்டிங்கில் கிளம்பாது. ஆனால் டாக்ஸ்ட்ரிங் ஏஎஸ்டியில் இருக்கும், ஹாஷ் போடுமுன் அதை நீக்கிவிட வேண்டும். மறந்தால், மாடல் டாக்ஸ்ட்ரிங் எழுதியதும் ஹாஷ் மாறி, அது மறுபடி எழுத, சுற்றிக்கொண்டே இருக்கும். ஹாஷை அந்தந்த ஆவணப் பக்கத்தின் தலையில் சேமியுங்கள். புல் ரிக்வெஸ்ட் (கோடு மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) வரும்போது ஹாஷ் மாறிய ஃபங்ஷன்களுக்கு மட்டும் மாடலை அழைத்து, பழைய பத்தி, கோடு டிஃப் இரண்டையும் கொடுத்து ‘பொய்யாகிப்போன வாக்கியத்தை மட்டும் திருத்து, மற்றதைத் தொடாதே’ என்று சொல்லுங்கள். விடை அதே புல் ரிக்வெஸ்டில் பரிந்துரையாக வரட்டும். மெயின் கிளைக்கு நேரடியாக எழுதும் அனுமதி மாடலுக்கு எப்போதும் கூடாது. மனிதர் எழுதிய பத்திகளுக்கு ஒரு குறி வைத்து, அவற்றைத் தொட்டால் பில்ட் தோற்கும்படி செய்யுங்கள்.


வெட்டாறு | திருவாரூர்

கொள்முதல் இடத்தில் உட்காரும் பட்டியல் எழுத்தருக்கு ஆவணம் யார் எழுதுவது? இதுவரை பேசியதெல்லாம் புரோகிராமருக்கு. கடைமடைக்கு வராத தண்ணீர் மாதிரி ஆகிவிடப்போகிறது.

தமிழ் கையேட்டை மாடலை வைத்து எழுதலாம், ஆனால் ஆங்கில ஆவணத்தை மொழிபெயர்க்கச் சொல்லாதீங்க. ஒரே கையேட்டில் ஈரப்பதம், ஈரத்தன்மை, ஈர அளவு என்று மூன்று பெயர் வரும். சிப்பம் ‘பை’ ஆகும், லாட் ‘தொகுதி’ ஆகும். எழுத்தர் திரையில் தேடுவது பொத்தானில் உள்ள சொல்லைத்தான். ஜாங்கோவின் தமிழ் பிஓ ஃபைலில் (திரைச் சொற்களின் மொழிபெயர்ப்பு ஃபைல்) இருக்கும் லேபிள்களை எடுத்துக் கொடுத்து, இந்தச் சொற்களை எழுத்து மாறாமல் பயன்படுத்து என்று சொல்லுங்கள். பிறகு அதே ஃபைலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திரைப் படங்களை பிளேரைட் (பிரவுசரைத் தானே இயக்கும் கருவி) ஸ்கிரிப்ட் எடுத்துக்கொள்ளட்டும், திரை மாறினால் படமும் மாறும்.

டோக்கன் கணக்கில் ஒன்று: தமிழுக்கு ஆங்கிலத்தைவிட டோக்கன் கூடுதலாகச் செலவாகும், எவ்வளவு என்பது மாடலின் டோக்கனைசரைப் பொறுத்தது. 8,000-க்குள் ஓட்டுகிறவர்கள் அதிகாரத்தைச் சின்னதாக வெட்டுங்க, ஒரு திரைக்கு ஒன்று.


குடமுருட்டி | பாபநாசம்

அரசலாறு, கிளம்புகிறவரிடம் கேட்கிற வரிசை மட்டும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் பணம்: ரவுண்டிங் எங்கே நடக்குது, வங்கி திருப்பி அனுப்பிய தொகை என்ன ஆகுது, ஒரே பட்டியலுக்கு இரண்டு தடவை பணம் போகாமல் எது தடுக்குது. இரண்டாம் வாரம் எடையும் இருப்பும். மூன்றாவதில் மீதி. அட்மின் திரையில் இருக்கிற பழைய பட்டன்களைப் பற்றி நேரம் இருந்தால் கேளுங்க.

அவரை எழுதச் சொல்லாதீங்க, எழுத மாட்டார். பேசவிட்டு ரெக்கார்ட் பண்ணி, எழுத்தாக்கி, ஒவ்வொரு விடையையும் முடிவுப் பதிவாக (ஏன் இப்படி முடிவெடுத்தோம் என்ற குறிப்பு) மாற்ற மாடலிடம் கொடுங்க. 2011-இல் மைக்கேல் நைகார்ட் சொன்ன வடிவமே போதும்: தலைப்பு, நிலை, சூழல், முடிவு, விளைவு. ஒரு பதிவு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் எண்களைத் தப்பாகப் பிடிக்கும். அதனால் எண் வருகிற ஒவ்வொரு வரியையும், அவர் ஆபீஸில் இருக்கும்போதே அவரிடம் படித்துக் காட்டி டிக் வாங்கிவிடுங்க.