புதுப்பிப்பு: சின்ன கிரில்லில் ஸ்டேக் (தடித்த இறைச்சித் துண்டு), கரிச்சூடு
போன பதிவு கரி மூட்டுவதோடு நின்றது. சூட்டைப் பிடித்து வைப்பது எப்படி என்று கேட்டவர்களுக்கு மீதி.

கரியைப் பரப்பாதீர்கள், ஒரு பக்கமாக இரண்டு அடுக்கு குவியுங்கள், மறுபாதி காலி. மதுரைப் பக்கம் எளிதில் கிடைக்கும் சீமைக்கருவேலங்கரி தாராளமாகப் போதும். ஈரக்கரி வெடித்துத் தெறிக்கும், வெயிலில் காயவைத்துக்கொள்ளுங்கள். மேலே சாம்பல் பூத்து, உள்ளே செக்கச்செவேலென்று ஆனபிறகே கறியை வைக்கணும். அதுவரை பொறுமை இல்லாதவர்கள் தோசைக்கல்லுக்கே போகலாம்!

ஒரு அங்குலத் துண்டுக்கு உப்பு 40 நிமிடம் முன்பே. ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்காவிட்டால் நீர் ஆவியாவதிலேயே சூடு போய்விடும், கறி சிவக்காது. பக்கத்துக்கு ஒன்றரை, இரண்டு நிமிடம். கொழுப்பு சொட்டி நெருப்பு எழும்பினால் தண்ணீர் தெளிக்காதீர்கள், சாம்பல் பறந்து கறியில் ஒட்டும். கறியைக் காலிப் பக்கம் தள்ளுங்கள்.

நடுவில் சூடு இறங்கினால் முதலில் கிரில்லின் அடியில் காற்று புகும் துளையைப் பாருங்கள், பெரும்பாலும் சாம்பல்தான் அடைத்திருக்கும்.