பழைய கேம் பத்திரிகைகளில் வரும் 1-900 டிப்ஸ் லைன்: காசு எப்படிக் கைமாறியது?

ரெட்ரோபிரியன்:
1990 வாக்கில் அமெரிக்காவில் வந்த வீடியோ கேம் பத்திரிகைகளின் ஸ்கேன் பிரதிகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கே புரட்டினாலும் டிப்ஸ் லைன், அதாவது கேமில் சிக்கிக்கொண்டவருக்குப் போனில் வழி சொல்லும் சேவையின் விளம்பரம்தான். பல்லைக் காட்டும் ஓர் அரக்கன், கொட்டை எழுத்தில் 1-900 என்று தொடங்கும் எண், ஓரத்தில் கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டிய அளவில் நிமிடக் கட்டணமும், 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரிடம் கேட்டுவிட்டு அழைக்கவும் என்ற ஒரு வரியும். கிரெடிட் கார்டு பேச்சே இல்லை. பத்து வயசுப் பையன் கூப்பிட்டால் காசு யார் கொடுத்தது? இது ஏன் காணாமல் போனது?

கார்ட்ரிட்ஜ்ராஜா:
வீட்டு டெலிபோன் பில்லில் ஏறிவிடும். அங்கே 800 எண் என்றால் கூப்பிடுபவருக்கு இலவசம், 900 என்றால் கூப்பிடுபவர் தலையில் கட்டணம். வசூலிப்பது டெலிபோன் கம்பெனி, அதில் ஒரு பங்கு டிப்ஸ் லைன் நடத்துபவருக்கு. பையன் கையில் காசே வேண்டாம், அப்பா பில்லைப் பிரிக்கும்போதுதான் விஷயம் தெரியும். லூகாஸ்ஆர்ட்ஸ் என்ற கேம் கம்பெனியின் லைனுக்கு நிமிடத்துக்கு 75 சென்ட். கேட்க சின்னத் தொகைதான், ஆனால் பதிவு செய்த குரல் "இதற்கு ஒன்றை அழுத்தவும், அதற்கு இரண்டை அழுத்தவும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதும் மீட்டர் ஓடும், இருபது நிமிடம் பேசினால் 15 டாலர்.

வரைபடப்பித்தன்:
எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டாம் நண்பரே. ஜப்பானிய கேம் கம்பெனியான நிண்டெண்டோ, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தின் ரெட்மண்டில் கேம் கவுன்சிலர்கள் என்று ஆட்களையே உட்கார வைத்திருந்தது. ஒரு காலத்தில் அது சாதாரண எண், டிரங்க் கால் செலவு மட்டும்தான். வரைபடங்களும் குறிப்புகளும் கோத்த தடித்த ஃபைல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த அறையில் நிற்கிறாய், கையில் என்ன பொருள் இருக்கிறது என்று கேட்டு வழி சொல்வார்கள். பின்னாளில் அவர்களும் 900க்குப் போனார்கள், ஆனாலும் மறுமுனையில் மனிதர் இருந்தது பெரிய விஷயம் என்றுதான் நான் சொல்வேன்.

சட்டம்_பேசுபவன்:
காணாமல் போனதற்கு வருகிறேன். டிப்ஸ் லைன் மட்டுமில்லை, ஜோசியம், அரட்டை என்று 900 எண்களில் எல்லாமே நடந்தது, புகார்கள் குவிந்தன. 1992இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது, 1993 நவம்பரில் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் விதிகள் அமலுக்கு வந்தன. விளம்பரத்தில் எண்ணுக்குப் பக்கத்திலேயே, அந்த எண்ணின் எழுத்தளவில் பாதியாவது இருக்கும்படி கட்டணத்தைப் போட வேண்டும். 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் குறிவைத்து, உண்மையான கல்விச் சேவை தவிர எதையும் விளம்பரப்படுத்தக் கூடாது. 2 டாலருக்கு மேல் ஆகும் அழைப்பு என்றால் முதலில் கட்டணத்தைச் சொல்லி, வேண்டாம் என்பவர் காசில்லாமல் போனை வைக்க அவகாசம் தர வேண்டும். 900 பாக்கிக்காக வீட்டு இணைப்பைத் துண்டிக்கவும் கூடாது. இதையெல்லாம் முதல் நாளிலிருந்தே செய்திருக்க வேண்டும், அவ்வளவு காலம் பிள்ளைகளிடம் கறந்தது தப்பு. அப்புறம் இணையம் வந்தது. 1995இல் தொடங்கிய கேம்எஃப்ஏக்யூஸ் என்ற இணையதளத்தில் ரசிகர்களே முழு வழிகாட்டிகளை எழுதி இலவசமாகப் போட்டபோது நிமிடக் கணக்கில் யார் கொடுப்பார்?

ரெட்ரோபிரியன்:
நன்றி, இப்போது புரிகிறது. இன்னொரு சந்தேகம்: டிப்ஸ் விற்பதற்காகவே புதிர்களைக் கடினமாக்கினார்களா?

கார்ட்ரிட்ஜ்ராஜா:
அப்படி அடித்துச் சொல்ல முடியாது. போன் லைனுக்கு முன்பே இன்ஃபோகாம் என்ற கேம் கம்பெனி துப்புப் புத்தகம் விற்றது. கேள்வி மட்டும் தெரியும், விடை கண்ணுக்குத் தெரியாத மையில் இருக்கும், கூடவே தரும் பேனாவால் தேய்த்தால் முதலில் லேசான துப்பு, அடுத்ததில் இன்னும் கொஞ்சம், கடைசியில்தான் நேரடி விடை. ஆடுபவனே யோசிக்கட்டும் என்று விட்ட அந்த முறைதான் எனக்குப் பிடித்தது. 1991இல் வந்த லூகாஸ்ஆர்ட்ஸின் மங்கி ஐலண்ட் 2 கேமிலோ காட்டுக்குள்ளே ஒரு போன் இருக்கும், கதாநாயகன் அதிலிருந்து லூகாஸ்ஆர்ட்ஸ் டிப்ஸ் லைனையே கூப்பிடுவான். அந்த இடத்தை அவசியம் ஆடிப் பாருங்கள்.