ஆங்கரேஜ்: நங்கூரமா, முளையா, தளையா?

செ.:
குழுவினருக்கு வணக்கம். நம் இதழியல் சொற்பட்டியலில் ‘ஆங்கரேஜ்’ என்பதற்கு ‘நங்கூரமிடல்’ என்று போட்டிருக்கிறோம். மாற்றலாமா? பிரெஞ்சுக் குறியியல் அறிஞர் ரோலான் பார்த் 1964இல் இதற்குத் தந்த விளக்கம்: ஒரு படம் பல பொருள் தரும், உடன் வரும் எழுத்து சிலவற்றைப் பிடித்துவைத்து மற்றவற்றை ஒதுக்கிவிடும். ஒரு சமூகத்தின் கருத்தியல் முக்கியமாக நுழைவது இந்த இடத்தில்தான் என்றார்.

எடுத்துக்காட்டாக 2005 ஆகஸ்ட் கடைசியில், கத்ரீனா புயலை ஒட்டி அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் எடுத்த இரண்டு படங்களைச் சேர்க்கலாம். இரண்டிலும் மார்பளவு வெள்ளம், கையில் கடைப் பொருள். ஏ.பி. செய்தி நிறுவனம் தந்த படத்தில் கறுப்பின இளைஞர்: ‘மளிகைக் கடையைச் சூறையாடிய பின்’ நடக்கிறார். ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனம் தந்த படத்தில் வெள்ளையர் இருவர்: ரொட்டியும் சோடாவும் ‘கண்டெடுத்த பின்’ நடக்கிறார்கள்.

மு.:
எடுத்துக்காட்டு சரி. சொல்லுக்கு ‘பொருள்முளை’ எப்படி? முளையில் கட்டிய மாடு கயிறு எட்டும் மட்டும் மேயும், அதற்கு மேல் போகாது. படக்குறிப்பும் அப்படித்தான், ஒரே பொருளில் நிறுத்துவதில்லை. ‘சூறையாடிய’ என்று படித்த பிறகும் பசியால் செய்தாரா, பேராசையாலா என்று யோசிக்க இடம் இருக்கிறது. குற்றமே இல்லை என்று யோசிக்கத்தான் இடம் இல்லை. நங்கூரம் போட்ட கப்பல் அசையாது.

த.:
நங்கூரம் போட்ட கப்பலும் காற்றுக்குச் சங்கிலி நீளம் சுற்றி வரும், ஐயா. கடற்கரைக்காரர் யாரையாவது கேளுங்கள். முளையில் சிக்கல் வேறு. ‘பொருள்முளை’ என்றால் பொருள் முளைவிடுகிறது என்றுதான் படிப்பார்கள். நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

‘தளை’ என்று வைப்போம். விலங்கு என்ற பொருள் இருக்கிறது. யாப்பிலோ, நின்ற சீரின் ஈற்றசையையும் வரும் சீரின் முதலசையையும் இணைப்பது தளை. கட்டுவதும் இணைப்பதும் ஒரே சொல்லில் வந்துவிடும். படமும் எழுத்தும் ஒன்றையொன்று நிரப்பிச் செய்தியை நகர்த்துவதை பார்த் ‘ரிலே’ என்றார். சித்திரக்கதையில் பேச்சுக்குமிழ் செய்கிற வேலை. அதற்கு யாப்பிலிருந்தே ‘தொடை’. ஜோடியும் பொருந்துகிறது.

ந.:
தளைக்கு என் ஆதரவு. ‘பொருட்டளை’ என்று புணர்த்த வேண்டாம், யாருக்கும் புரியாது, ‘பொருள்தளை’ போதும். ‘தொடை’ வேண்டவே வேண்டாம், வகுப்பில் சிரிப்பு அடங்காது.

ஆனால் எல்லை போட்டாக வேண்டும். படத்தை வெட்டிச் சுருக்குவதும் முதல் பக்கத்தில் நான்கு பத்தி அகலம் கொடுப்பதும் கருத்தியல் வேலைதான், தளை அல்ல. எழுத்து படத்துக்குச் செய்வது மட்டுமே தளை. சோதிக்கும் முறையையும் பதிவிலேயே தரலாம். தலைப்பையும் படக்குறிப்பையும் தாளால் மறைத்து, கண்ணில் படுவதை மட்டும் எழுத வேண்டும்: எத்தனை பேர், கையில் என்ன, நீர் எவ்வளவு. பிறகு குறிப்பைத் திறந்தால், பட்டியலில் இல்லாத சொற்கள் தளைகள். கடைசியாக இரு படங்களின் குறிப்புகளையும் இடம் மாற்றிப் படிக்க வேண்டும். ‘கண்டெடுத்த’ அந்த இளைஞருக்குக் கீழே வந்ததும் படமே மாறிவிடும்.

மாணவர் தவறுவது இரண்டாம் படியில். ‘நியூ ஆர்லியன்ஸ்’, தேதி இவையும் படத்தில் தெரியாது. அவற்றையும் ‘சூறையாடிய’வையும் ஒரே கணக்கில் எழுதிவிடுவார்கள். முன்னவை இது என்ன, எங்கே என்று காட்டுபவை. பின்னது எப்படி எடுத்துக்கொள்வது என்று சொல்வது. அடையாளத்தளை, கருத்துத்தளை என்று பிரித்துவிடலாம்.

மு.:
முளையைப் பிடுங்கிக்கொள்கிறேன். வரைவு: “படத்தின் பல பொருள்களில் தான் விரும்புவதை வாசகர் ஏற்கும்படி இதழாசிரியர் எழுத்தால் கட்டுவது.”

த.:
‘தான் விரும்புவதை’யை எடுத்துவிடுங்கள். கத்ரீனா படங்கள் வேறு வேறு நிறுவனத்தார் எடுத்தவை. இளைஞர் கடைக்குள் போய்ப் பொருளோடு வந்ததைப் படமெடுத்தவர் பார்த்ததாக ஏ.பி. சொன்னது. இன்னொரு படத்தை எடுத்தவர், பொருள்கள் நீரில் மிதந்து வந்தவை என்றார். இரண்டும் யாஹூ செய்திப் பக்கத்தில் வந்து, வாசகர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எதிர்ப்புக் கிளம்பியது. தளை விழ உள்நோக்கம் தேவையில்லை.

வினையையும் கவனியுங்கள். 1975 ஜூனில் சாலிஸ்பரியில் (இன்றைய ஹராரே) நடந்த துப்பாக்கிச் சூட்டுக்கு லண்டன் டைம்ஸ் தலைப்பு ‘கலகம் செய்த கறுப்பர்கள்’ என்று தொடங்கி, சுட்ட போலீஸைப் பின்னால் தள்ளியது. கார்டியன் ‘போலீஸ்’ என்று தொடங்கியது. நம் தமிழில் செயப்பாட்டு வினைகூட வேண்டாம்: ‘துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் பலி’. ‘-இல்’ வந்ததும் சுட்டவர் மறைந்து ஓர் இடம் மட்டும் நிற்கிறது. இந்தத் தலைப்புக்குக் கீழே எந்தப் படத்தைப் போட்டாலும் விபத்துப் படமாகத்தான் தெரியும்.

செ.:
திருத்திய பதிவு: “பொருள்தளை (பெ.): படம் தரக்கூடிய பல பொருள்களில் சிலவற்றை முன்னிறுத்திப் பிறவற்றை விலக்கும்படி, உடன் வரும் எழுத்து வாசிப்பைக் கட்டுதல். வகை: அடையாளத்தளை, கருத்துத்தளை.” வினை: பொருள்தளையிடு.

‘ரிலே’க்கு ‘தொடுப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ந.:
தொடுப்புக்கு ஊரில் என்ன பொருள் என்று தெரிந்துதான் எழுதினீர்களா? அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.